சீசனுக்கு வந்தவள்

கீரனூர் பேருந்திலிருந்து இறங்கி, புதுக்கோட்டைக் கடைவீதியில் அந்த ஜவுளிக்கடையின் முன்னால் ஷர்லி வந்து நின்றபோது வெயில் இன்னும் ஏறவில்லை. முகப்பு முழுக்கப் புதுக் கண்ணாடி. தீபாவளிக்காகச் சீரியல் பல்புகள் தொங்கின. பக்கத்துச் சந்தில் திரும்பினால்தான் அது பழைய கட்டடம் என்று தெரியும். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். பலகை அடித்து மூடிய ஜன்னல்கள்.

தீபாவளி வரைக்கும்தான் வேலை. நன்றாக விற்பவர்களை அதன் பிறகும் மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்வதாக முதலாளி ரகுநாத் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் வந்திருந்தாள். அப்பா ஆரோக்கியதாஸ் முடிவாகச் சொல்லிவிட்டார்: "வேலையில வச்சுக்கிட்டாங்கன்னா காலேஜுக்குப் போ. இல்லாட்டி சித்தியோட திருப்பூர் மில்லுக்குக் கெளம்பு."

சூப்பர்வைசர் அன்புமொழி அவளை இரண்டாம் மாடிக்குக் கூட்டிப் போனாள். குழந்தைகள் பிரிவு. மரப்படிகள் காலடியில் முனகின. மேலே போகப் போகக் கடைத்தெரு இரைச்சல் அடங்கி, புதுத்துணியின் கஞ்சி வாசம் மட்டும் மிஞ்சியது. அதற்கு அடியில், நாள்பட்ட மல்லிகைச் சரத்தின் வாடை.

"ஒங்க வீட்டுல தீபாவளி கெடையாதுல்ல?"

"இல்லக்கா. கிறிஸ்மஸ்தான்."

அன்புமொழி ஒரு கணம் அவளையே பார்த்தாள். "வீட்டுக்குக் கெளம்பறப்ப என்கிட்ட சொல்லாம போகாத. என்ன?"

முதல் சில நாட்கள் ஷர்லிக்கு எதுவும் ஓடவில்லை. கூச்சத்தில் வாய் திறக்க வரவில்லை. கேட்ட நிறம் ஓரிடம், கேட்ட அளவு ஓரிடம் என்று அவள் தேடுவதற்குள் ஆட்கள் அடுத்த கவுன்டருக்குப் போய்விட்டார்கள். ரகுநாத் மாடிக்கு வந்து, எதுவும் சொல்லாமல் பார்த்துவிட்டு இறங்கினார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஒரு மதிய வேளையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமத் தொடங்குவதற்கு முந்தைய அந்த இருட்டில், மல்லிகை வாடை மிக அருகில் வந்தது.

"இருபத்தாறு."

காதுக்குள் விழுந்தது குரல். பெண் குரல். ஈரமூச்சு கழுத்தில் பட்டது.

விளக்கு எரிந்தது. அவள் பின்னால் சுவர்தான் இருந்தது. முன்னால், கீரமங்கலத்திலிருந்து வந்த ஒரு தாய், மகளைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"பாப்பாவுக்கு எத்தன சைஸ் வரும்மா?"

"இருபத்தாறு" என்றது ஷர்லியின் வாய்.

அளந்து தைத்ததுபோல் இருந்தது கவுன்.

அன்றிலிருந்து அவள் தேடவே இல்லை. குழந்தை படியேறி வருவதற்குள் குரல் அளவைச் சொல்லிவிடும். ஊதா நிறத்தை எடு என்னும். எடுத்து விரித்தால் அந்தக் குழந்தை அதையே கட்டிக்கொள்ளும். அவளுடைய கவுன்டரில்தான் கூட்டம் நெரிந்தது. சில தாய்மார்கள் அவளைத் தாண்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு எங்க? அதுதான் நல்லா எடுத்துக் காட்டுச்சு" என்று கேட்டார்கள்.

அந்தக் கவுன்டரில் ஷர்லி ஒருத்திதான் நின்றாள்.

ராத்திரி வீட்டில் படுத்தால் கழுத்தில் அந்த ஈரம் காயாமல் இருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று நினைப்பாள். உடனே திருப்பூர் நினைவுக்கு வரும். காலையில் மறுபடி பேருந்து ஏறுவாள்.

கடைசியில் சாப்பாட்டு அறையில் அன்புமொழியிடம் கேட்டேவிட்டாள். "எனக்கு முன்னால இங்க யாரு இருந்தாங்கக்கா?"

அன்புமொழி டிபன் பாக்ஸை மூடினாள்.

"சந்தனமேரின்னு ஒரு பிள்ள. ஒன்ன மாதிரியே சீசனுக்கு வந்துச்சு. ஆளப் பாத்தே அளவு சொல்லும். தீபாவளிக்கு மொத நா சாயங்காலம் மேல சரக்கு ரூமுக்குத் துணி எடுக்கப் போச்சு. கடை அடைக்கிற அவசரத்துல யாரோ வெளித்தாழ்ப்பாளப் போட்டுட்டாங்க."

"ஃபோன் பண்ணலயா?"

"வேலை நேரத்துல ஃபோனெல்லாம் கீழதான வாங்கி வக்கிறாங்க? அவங்க வீட்டுல, கூட வேலை பாக்கிற பிள்ள வீட்டுக்குப் போயிருக்கும்னு இருந்துட்டாங்க. லீவு முடிஞ்சுதான் கடையத் தொறந்தோம்."

அவள் குரல் இறங்கியது.

"கதவோட உள்பக்கம் பூரா நகக்கீறல்."

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. தெருவில் வெடிச்சத்தம் ஓயவில்லை. இரண்டாம் மாடியில் நிற்க இடமில்லை. ஒரு பெரியவர் பேத்திக்காக மஞ்சள் பாவாடை கேட்டார். கவுன்டரில் தீர்ந்திருந்தது. கவுன்டரை அடுத்த பெண்ணிடம் விட்டுவிட்டு ஷர்லி மேலே ஏறினாள். அன்று முழுக்கக் குரல் பேசவில்லை.

படிகளின் முடிவில் சரக்கு அறை. கதவில் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

மெதுவாகத்தான். வெகுநேரம் தட்டிக் கை ஓய்ந்த ஒருத்தி தட்டுவதுபோல.

ஷர்லி ஒரு படி கீழே இறங்கினாள். திரும்பி ஓடிவிட உடம்பு துடித்தது. ஆனால் கவுன்டரில் தன் பக்கத்தில் நின்று, தனக்காக விற்றுக்கொடுத்தவள் அவள். அவள் தட்டியபோது கேட்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்று. இப்போது கேட்க ஷர்லி இருக்கிறாள்.

"சந்தனமேரி அக்கா?"

தட்டல் நின்றது.

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு தானாகவே திறந்தது. அட்டைப்பெட்டிகள். இருட்டு. பிறகு குளிர்ந்த எதுவோ அவள் தோளை உரசிக்கொண்டு கடந்தது. மல்லிகை வாடை மூச்சை அடைத்தது. ஆளில்லாத மரப்படிகள் ஒவ்வொன்றாக முனகின.

கீழ்நோக்கி.

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் பாவாடையைத் தேடி எடுத்துப்போய் அந்தப் பெரியவரிடம் கொடுத்தாள்.

அதன் பிறகு அவளே அளவு பார்த்தாள். இரண்டு மூன்று தப்பின. சிரித்தபடி மாற்றிக் கொடுத்தாள். கடையடைக்கும் நேரத்தில் ரகுநாத் அவளைக் கூப்பிட்டார். "லீவு முடிஞ்சதும் வந்துரும்மா. காலேஜ் விட்டு நேரா வந்தாப் போதும்."

"வாரேன் சார். மேல ரூம்ல அந்தத் தாழ்ப்பாள மட்டும் கழட்டிருங்க."

ரகுநாத்தின் முகத்தில் ரத்தம் வற்றியது. தலையசைத்தார்.

அன்புமொழி ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லி வெளியே அனுப்பினாள். ஷட்டர் இறங்கியது. பேருந்தின் ஜன்னலோரத்தில், ஊரெல்லாம் எரியும் மத்தாப்பைப் பார்த்துக்கொண்டே ஷர்லி வீடு போனாள். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்த லீவு முழுக்க நிம்மதியாகத் தூங்கினாள். சந்தனமேரி அக்காவும் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.

கடை திறந்த அன்று காலேஜுக்கு இன்னும் லீவு. காலையில் அன்புமொழியும் அவளும்தான் முதலில் வந்தார்கள். தெருவெல்லாம் வெடிக் காகிதம். அன்புமொழி குனிந்து பூட்டில் சாவியை நுழைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஷர்லி. இங்கிட்டு வா."

ஷட்டரின் இரும்புத் தகடு வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. நெஞ்சு உயரத்தில், ஒரு கை அகலத்துக்கு. அதைச் சுற்றிலும் சின்னச் சின்னதாக இன்னும் நிறைய.

உள்ளேயிருந்து விழுந்த குத்துகள்.

இருவருமாகச் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினார்கள். அடைபட்ட காற்று மல்லிகை வாடையோடு முகத்தில் அடித்தது. ஷர்லி வாசலை விட்டு விலகி வழி விட்டாள்.

"கதவு தொறந்திருக்குக்கா" என்றாள். "வீட்டுக்குப் போங்க."

யாரும் கடந்து போகவில்லை.

வெகு மேலே, இரண்டாம் மாடியில், ஷர்லியின் கவுன்டர் பக்கம், புதுக் கவுனின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் சரசரப்பு கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.