கண்ணாடிப் பெட்டியில் ஓர் ஆணி

திங்கட்கிழமை காலை, வெடிமருந்து அரைக்கும் நாலாம் நம்பர் அரைவீட்டின் கதவைத் திறந்ததும் ஜோனஸ் பிராத்வெயிட் கண்ணில் முதலில் பட்டது ஒரு கால்தடம். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம், தரையில் விரித்திருந்த தோலின்மேல் படிந்த கருந்தூளில், ஒரே ஒரு இடது கால் பதிந்திருந்தது. ஆலை கொடுக்கும் தோல் செருப்பின் தடமாயிருந்தால் அவர் கவனித்தே இருக்கமாட்டார். இது பூட்ஸ் தடம். ஆணித் தலைகள் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகளாய் அழுந்தியிருந்தன.

வெடிமருந்து ஆலையில் புலியின் கால்தடம்கூட இதைவிடத் தேவலை. முழங்கால் உயரத் தடுப்புப் பலகை ஒன்று எல்லா வாசலிலும் உண்டு. அதற்கு இந்தப் பக்கம் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கம் நூலால் மட்டுமே தைத்த செருப்பில் காலை நுழைத்துத்தான் உள்ளே போகவேண்டும். இரும்பு கல்லில் உரசினால் பொறி வரும். பொறி வந்தால், ஆலையின் கட்டடக்காரர்கள் முன்யோசனையோடு லேசாகப் போட்டுவைத்திருக்கும் கூரை பறக்கும். மூன்று பக்கச் சுவர்களைக் கோட்டைபோலக் கட்டியிருந்தார்கள். அவை பக்கத்து அரைவீடுகளைக் காப்பாற்ற. உள்ளே இருக்கிற ஆளைக் காப்பாற்ற எதையும் கட்டவில்லை. அவனுக்குத்தான் பலகை இருக்கிறதே.

ஜோனஸ் ஈரத்துணியால் அந்தத் தடத்தைத் துடைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் அவருக்கு மூன்று மாதப் பழக்கம் இருந்தது.

வெஸ்ட்மோர்லண்ட் மலைகளிலிருந்து இறங்கும் ஆறுதான் அந்த ஆலையை ஓட்டியது. அரைவீட்டுக்குள் ஆளுயரக் கல் சக்கரங்கள் இரண்டு, செக்குபோல, வட்டமான அடிக்கல்லின்மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் அவற்றின் கீழே மணிக்கணக்காக மசியும். ஈரம் குறையக்கூடாது. குறைகிறதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் உள்ளே விளக்கு கிடையாது. காதால்தான் கண்டுபிடிக்கவேண்டும். அந்தக் காது ஜோனஸுக்கு இருந்தது. பதமான மருந்து தேன்கூடுபோல முனகும், காய்ந்தால் வறட்டு இருமல் இருமும். நாற்பது அடி தள்ளி நின்று அவர் அதைச் சொல்லிவிடுவார்.

மேனேஜர் பெம்பர்டன் விருந்தாளிகளை அழைத்துவரும்போதெல்லாம், "இவர்தான் நம் ஆலையின் காது" என்று அறிமுகம் செய்வார். உடனே ஜோனஸ் கண்ணை மூடிக்கொள்வார். கேட்பதற்குக் கண்ணை மூடவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கனவான்களுக்கு அது பிடித்திருந்தது. போகப்போக அவருக்கும் பிடித்துவிட்டது.

வாயில்காவலன் சைலஸ் தினமும் காலையில் எல்லோரையும் தடவிப் பார்ப்பான். செவ்வாய்க்கிழமையும் பார்த்தான்.

"ஜேபியே இல்லாத சட்டையில ஜேபியத் தேடுறதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க, மேஸ்திரி," என்றான். "கையத் தூக்குங்க. என்ன, முகம் வெளுத்துப்போயிருக்கு? வீட்டுல ஓட்ஸ் கஞ்சி தீஞ்சுபோச்சா?"

"உன் வேலையப் பாரு."

"சரி சரி. போறப்ப சாமி கும்பிட்டுட்டுப் போங்க."

சாமி என்று அவன் சொன்னது ஆபீஸ் வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியை. உள்ளே சிவப்பு வெல்வெட்டு. வெல்வெட்டின் நடுவில், கோமேதகம்போல, ஒரு சதுரத்தலை ஆணி. கீழே பித்தளைத் தகட்டில்: ரூபன் டைசனின் கவனக்குறைவு. அதன் கீழே, மேனேஜரே தேர்ந்தெடுத்த ஒரு வேதவசனம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு அதன்முன் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். தாய் செத்தபோதுகூட அவ்வளவு நேரம் நிற்காதவர்கள் நின்றார்கள்.

ஜோனஸ் அதைத் தாண்டும்போது தன் வலது பூட்ஸைத் தரையோடு அழுத்திவைத்து நடப்பார். குதிகாலிலிருந்து மூன்றாவது ஆணி அதில் இல்லை. செருப்புத்தைக்கிறவனிடம் கொடுத்து அடித்துக்கொள்ள அவருக்குத் துணிவில்லை.

செவ்வாயன்று தடங்கள் இரண்டு இருந்தன.

குனிந்து பார்த்தார். வெளிச்சம் மங்கல், நவம்பர் மூடுபனி ஆற்றிலிருந்து எழுந்து வாசல்வரை வந்து, அதுவும் செருப்பு மாற்றக் காத்திருப்பதுபோல நின்றது. இடது கால் முழுமையாக இருந்தது. வலது காலில், குதியிலிருந்து மூன்றாவது குழி இல்லை.

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். பலகைக்கு வெளியே, அவர் விட்ட இடத்திலேயே, ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தது.

ஆகஸ்டில் நடந்தது இதுதான். இரண்டு கனவான்களும் ஒரு பாதிரியாரும் வந்திருந்தார்கள். மேனேஜர் அவர்களை வாசலுக்கு முன் நிறுத்தி, அரைவீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தப் பலகை எவ்வளவு புனிதமானது என்று கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே மருந்து இருமியது. ஜோனஸ் கண்ணை மூடினார், விரலை உயர்த்தினார், பிறகு ஒரே எட்டில் பலகையைத் தாண்டினார். ஆறு அடி. தண்ணீரைத் தெளித்தார். ஆறு அடி திரும்பி வந்தார். முனகல் மீண்டது. பாதிரியார் கைதட்டினார்.

அடுத்த முறை வேலைக்கு வந்து நின்ற ரூபன் மட்டும் அவர் காலைப் பார்த்தான்.

"மேஸ்திரி," என்றான் மெதுவாக, விருந்தாளிகளுக்குக் கேட்காமல். "கால்ல பூட்ஸு."

"எனக்குத் தெரியும். நீ எனக்குச் சொல்லித் தராத."

தெரியாது. அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அரைமணி நேரம் கழித்து ரூபன் உள்ளே இருந்தபோது கூரை பறந்தது. இடிபாட்டைச் சலித்ததில் ஓர் ஆணி கிடைத்தது. ரூபனின் பூட்ஸில் ஒன்றுதான் ஆற்றோரம் கிடைத்தது. கிடைக்காத பூட்ஸில் ஆணி குறையவில்லை என்று யார் நிரூபிப்பது? சாராயக்கடை மாடியில் விசாரணை நடந்தது. அதிகாரி ஜோனஸைக் கேட்டார்: இந்த ஆணி இறந்தவனுடையதாக இருக்கலாமா? நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர் என்ற முறையில் உங்கள் கருத்து?

"இருக்கலாம்," என்றார் ஜோனஸ்.

பொய் என்றுகூடச் சொல்லமுடியாது. அவ்வளவு நேர்த்தியான வேலைப்பாடு.

புதன்கிழமை மூன்று. அன்றிரவு பூட்ஸைத் தகரப்பெட்டியில் பூட்டி, சாவியைத் தலையணைக்குள் வைத்தார். வியாழக்கிழமை நான்கு. பூட்டியபடியே இருந்த பெட்டியைத் திறந்தால், பூட்ஸின் அடியில் கருந்தூள் ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தார். கந்தகம்.

வியாழக்கிழமை மாலை ஆற்றுப் பாலத்தில் ரூபனின் மனைவி ஹன்னா அவருக்காகக் காத்திருந்தாள். கவனக்குறைவால் செத்தவனின் குடும்பத்துக்கு ஆலை வீடு கிடையாது என்பது விதி. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அவள் காலி செய்யவேண்டும். இரண்டு பெண் குழந்தைகளோடு கென்டல் ஏழை விடுதிக்குத்தான் போகவேண்டும். அங்கே தாயை ஒரு கூடத்திலும் பிள்ளைகளை வேறு கூடத்திலும் போடுவார்கள்.

"நான் வீட்டுக்காகக் கேக்கல, மேஸ்திரி," என்றாள். "வீட்டுக்காகவுந்தான் கேக்குறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவரு வீட்டுக்குள்ளயே பூட்ஸோட வரமாட்டாரு. வாசல்லயே கழட்டிருவாரு. உள்ள என்ன, மருந்தா அரைக்கிறோம்னு நான் திட்டுவேன். அப்படிப்பட்ட மனுஷன் ஆணியக் கொண்டுபோயிருப்பாரா?"

ஜோனஸ் தன் வலது பூட்ஸைப் பாலத்தரையோடு அழுத்திக்கொண்டார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க காது சொன்னா மேனேஜர் நம்புவாரு. 'அவன் கவனமான ஆளு'ன்னு. அவ்வளவுதான்."

"பாக்கலாம்," என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

வெள்ளிக்கிழமை ஐந்து தடங்கள். வாசலிலிருந்து அடிக்கல்லுக்கு ஆறு காலடி. கணக்குப் போட அவருக்குக் காது தேவைப்படவில்லை. அன்று மாலை பூட்ஸுக்குள் கல்லைப் போட்டு, கயிற்றால் இறுகக் கட்டி, மதகின் ஆழமான இடத்தில் எறிந்தார். அது அமிழ்ந்த இடத்தில் குமிழிகள் நெடுநேரம் வந்தன. ஒரு ஜோடி பூட்ஸுக்குள் இருக்கக்கூடிய காற்றைவிட அதிகமாக.

சனிக்கிழமை கோயிலுக்குப் போடும் சப்பாத்தில் வந்தார்.

"இன்னிக்கு என்ன, ஞாயித்துக்கிழமையா?" என்றான் சைலஸ். தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "சாமியக் காணோம், மேஸ்திரி. பெட்டி பூட்டினபடியே இருக்கு. வெல்வெட்டுல பள்ளம் மட்டுந்தான் இருக்கு. திருடினவன் பித்தளைத் தகட்டையாவது விட்டுவெச்சானேன்னு பெம்பர்டன் ஐயா ஆறுதல் பட்டுக்கிட்டிருக்காரு."

ஜோனஸ் நின்றார். அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆபீஸ் கதவு பத்தடியில் இருந்தது. உள்ளே மேனேஜரின் குரல் யாரையோ கண்டித்துக்கொண்டிருந்தது. அந்தக் கதவைத் திறந்தால் இனி யாரும் கைதட்டமாட்டார்கள். கண்ணை மூடினால் சிரிப்பார்கள். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இன்றைக்கு அரைக்கிற மருந்து முடியட்டும். பதினொரு மணிக்குச் சொல்லிவிடலாம். கட்டாயம் சொல்லிவிடலாம்.

அரைவீட்டில் தடமே இல்லை. தூள் மழுமழுவென்று கிடந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்தார். பலகையைத் தாண்டி, செருப்பில் காலை நுழைத்து, அடிக்கல்லில் மருந்தைப் பரப்பிவிட்டு வெளியே வந்து மதகைத் திறந்தார். கற்கள் சுழன்றன. முனகல் எழுந்தது. பத்து மணி ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. மருந்து நன்றாக வந்துகொண்டிருந்தது, பாதியில் விட மனம் வரவில்லை.

ஆற்றுக்கு அப்பாலுள்ள சாலையில் ஒரு வண்டி வந்து நின்றது. மேசை, மெத்தை, இரண்டு சிறுமிகள். ஹன்னா இறங்கி வேலியோரம் நின்று ஆலையைப் பார்த்தாள். அவரைத் தேடினாள்.

அப்போது மருந்து இருமியது.

அதே இருமல். ஆகஸ்டு இருமல். வறட்டு, அவசர இருமல். ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அவர் தண்ணீர்க் குடுவையை எடுத்தார். காலைப் பார்த்தார். தோல் செருப்புகளில் காலைச் செருகினார். மறுபடியும் பார்த்து உறுதிசெய்துகொண்டார். செருப்புதான். உள்ளே போனார்.

ஒன்று. இரண்டு.

உள்ளே ஈரமான ஆற்று வாடை. பாசி வாடை.

மூன்று. கால் கனத்தது. நான்கு. தோலின்மேல் ஏதோ சொட்டியது. ஐந்து.

ஆறு.

டிக்.

கல்லில் இரும்பு தொட்ட ஒலி. மிகச் சின்ன ஒலி. அந்த ஆலையில் வேறு எந்தக் காதுக்கும் கேட்டிருக்காது.

குனிந்தார். காலில் பூட்ஸ். நனைந்த பூட்ஸ். அறுந்த கயிறு இன்னும் அதில் சுற்றியிருந்தது. வலது பாதம் அடிக்கல்லின் விளிம்பில், காய்ந்த மருந்தின்மேல். குதிகாலை ஒரு மயிரிழை உயர்த்தியபோது அதைப் பார்த்தார். குதியிலிருந்து மூன்றாவது. சதுரத்தலை. சிவப்பு வெல்வெட்டின் ஒரு நூல் அதில் ஒட்டியிருந்தது.

காலை எடுக்கமுடியாது. எடுத்தால் உரசும். வைத்திருக்கவும் முடியாது. சக்கரம் வருகிறது.

மதகை மூட ஆளில்லை. கையிலிருந்த குடுவையைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. தண்ணீரெல்லாம் பூட்ஸுக்குள் இருந்தது.

"என் ஆணி," என்றார். பிறகு கத்தினார். "ஹன்னா. அது என் ஆணி. ரூபன் இல்ல. நான்."

ஆறும் கல்லும் சேர்ந்து அந்த வார்த்தைகளை மசித்தன. திறந்த வாசல் வழியாக, பனிக்கு அப்பால், ஹன்னாவுக்கு அவர் வாய் அசைவது தெரிந்திருக்கவேண்டும். விடைகொடுக்கிறார் என்று நினைத்தாள். கையை உயர்த்தி அசைத்தாள். சிறுமிகளும் அசைத்தார்கள். வண்டி நகர்ந்தது.

அவர் தலையைத் திருப்பினார். பின்னால் ஐந்து தடங்கள், சீராக, ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி. அவற்றுக்கு அப்பால், பலகையின் பாதுகாப்பான பக்கத்தில், அவருடைய தோல் செருப்புகள் ஜோடியாக, அவரை நோக்கி இருந்தன. அவற்றின் தோல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டிருந்தது, யாரோ பொறுமையாக அதில் ஏறி நிற்பதுபோல. முறை மாற்ற வந்த ஆள் நிற்பதுபோல.

சக்கரம் பாதி வட்டம் கடந்திருந்தது.