நீட்டிய கையை இறக்கக் கூடாது

கப்பலின் பின்தளத்தில் வரிசையாகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் கடைசி நாற்காலியில் விரித்திருந்த துண்டு மட்டும் ஈரமாக இருந்தது. நீச்சல் குளம் முன்பக்கம் இருக்கிறது, அதையும் மதியமே வடித்துவிட்டார்கள். மழையும் இல்லை. காலையில் அவள் நடக்க வந்தபோது சொட்டிக்கொண்டிருந்த துண்டு, பகல் முழுக்க வெயில் காய்ந்து இறங்கிய பிறகும் அதே போலச் சொட்டிக்கொண்டிருந்தது. சாக்கடை மூடியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி உப்பும் அழுகலும் கலந்த வாடை வேறு.

வாடையைவிட, துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற புத்திதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். செருப்பையும் பையையும் வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்களை எல்லாம் கடைசிக்குத் துரத்தியவள். தம்பி அவளை வீட்டிலேயே 'டோக்கன் அக்கா' என்றுதான் கூப்பிடுவான். கப்பலில் ஏறியதிலிருந்து அவளுக்குக் கை ஓயாத வேலை. சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவாமல் கரண்டியைத் தொட்டவரைத் திருப்பி அனுப்பினாள். லிஃப்டில் இறங்குகிறவர்களுக்கு வழி விடாமல் முண்டியவர்களை முறைத்தே ஒதுக்கினாள். தம்பி மனைவி துணிகளுக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியைக்கூட, தீப்பிடிக்கிற சாமான் கூடாது என்று இவளே கொண்டுபோய்க் கப்பல் ஊழியர்களிடம் ஒப்படைத்தாள். அதிலிருந்து தம்பி மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்றைக்கு எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு போக வேண்டிய விருந்து. தம்பி மனைவி அறையில் கசங்கிய உடையைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையும் கோட்டுமாகத் தயாராகிவிட்ட தம்பியை, காற்று வாங்கலாம் வா என்று இவள் இங்கே இழுத்து வந்திருந்தாள். பின்தளத்தில் ஈ காக்கை இல்லை. மற்றவர்கள் சூரியன் விழுவதைப் படமெடுக்க முன்பக்கம் போயிருந்தார்கள், அங்கிருந்து பாட்டுச் சத்தம் விட்டு விட்டு வந்தது.

ஆளில்லாமல் வெகுநேரம் கிடக்கும் துண்டை யாரும் எடுத்துக் கூடையில் போடலாம். அதுவும் விதிதான். அவளுக்குக் குனிந்தால் இடுப்பு பிடிக்கும், அதனால் தம்பியை எடுக்கச் சொன்னாள்.

"எதுக்குக்கா வம்பு? யாரோ வெச்சிருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும்."

"எடுடா."

அவன் எடுத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி தளத்தின் ஓரத் தடுப்புக் கம்பியருகே இருந்த கூடையை நோக்கி நடந்தான். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள், ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம் கேட்டது. தம்பியின் உடல் கம்பிக்கு மேலே இருந்தது, கால்கள் ஆகாயத்தைப் பார்க்க. மறுநொடி கம்பிக்கு மேலே யாரும் இல்லை.

அவள் அலறினாள், ஆனால் கை தானாக வேலை செய்தது. முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியில் எல்லோரும் மிதவைச் சட்டையை மாட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அதிகாரிப் பெண் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான். யாராவது விழுந்தால் கத்துங்கள். மிதவை வளையத்தை எறியுங்கள். பிறகு கையை நீட்டி, விழுந்தவரைக் காட்டிக்கொண்டே நில்லுங்கள். ஆள் வந்து பொறுப்பெடுக்கும் வரை கண்ணை எடுக்கவோ கையை இறக்கவோ கூடாது. அவ்வளவு பெரிய தண்ணீரில் ஒரு தலை எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் தெரியும், ஒரு தடவை தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

வளையத்தை எறிந்தாள், கையை நீட்டினாள். கப்பல் கிழித்துவிட்டுப் போன வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு தலை எழும்பியது. கை அசைந்தது. உயிர் இருக்கிறது. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வைத்து அவள் சோறூட்டிய பிள்ளை. அவனுக்காகத்தான் வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்றாள், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் போனால் அவளுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் துண்டில் அடித்த அதே வாடை அவள் பின்கழுத்துக்கு வந்தது. பலகையில் சொட்டுகிற சத்தமும் வந்தது. சொட்டு விழும், கொஞ்சம் நிற்கும், இன்னும் கிட்டத்தில் விழும். திரும்பிப் பார்க்க உடம்பெல்லாம் துடித்தது, ஆனால் திரும்பினால் தம்பியின் தலை கண்ணிலிருந்து தவறிவிடும் என்று கண்ணைக் கடலிலேயே வைத்திருந்தாள்.

தளம் துடைக்கிற ஊழியர் அலறலைக் கேட்டு ஓடி வந்தார். வந்தவர் அவளைப் பார்க்கவில்லை, அவள் பின்னால் இருந்ததையும் பார்க்கவில்லை. நீட்டிய விரல் காட்டிய திசையைப் பார்த்தார். கம்பியில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தார்.

இரும்பு எலும்பில் இறங்கும் சத்தத்தை அவள் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை. அவள் கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது. கடைக்கண்ணில் அவருடைய கைகள் மட்டும் தெரிந்தன, கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகள். அந்த விரல்கள் மேல் இரும்பு மறுபடி இறங்கியது. கைகள் காணாமல் போயின. கீழே தண்ணீர் ஒரு தரம் வாய் திறந்து மூடியது.

அவள் காலடியில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்த இயந்திரம் கொஞ்சம் தணிந்தது.

"கையை எறக்கிடாதீங்க." குரல் காதருகே வந்தது. மரியாதையான, பொறுமையான குரல், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல. "கப்பல் திரும்பணும்னா ஆளு வேணும். அடுத்தவங்களைக் கூப்பிடுங்க."

அவள் கூப்பிடவில்லை. ஆனால் அவர்கள் மேஜையில் தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடும் பல் டாக்டர் ஏற்கெனவே படியேறி வந்துகொண்டிருந்தார். பெரிய வாயாடி, கடலையே சிரிக்க வைப்பேன் என்று பெருமையடிப்பவர். "என்னம்மா, திமிங்கிலமா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

ஓடுங்கள் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அந்த நேரம் தம்பியின் தலை ஒரு அலைக்குள் போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. நாக்கு அடங்கிவிட்டது.

ஒரே அடி. பிறகு இன்னும் ஒன்று. பலகையில் பற்கள் சிதறி உருண்டன. கனமான உடம்பு, கம்பியில் இழுபட்டு, முனகிக்கொண்டே போய் விழுந்தது.

கப்பல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. நுரைத் தடம் வளைந்தது. திரும்புகிறது. நிஜமாகவே திரும்புகிறது. அவளுக்கு அழுகை வந்தது, அது சந்தோஷம் என்று தெரிந்தபோது தன்மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கை மரத்துப்போனது. வெள்ளைச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது, முன்பைவிடக் கிட்டத்தில்.

படியில் வெறுங்கால் சத்தம். தம்பி மனைவி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள், பலகையில் கிடந்த ரத்தத்தில் வழுக்கி, அது என்னவென்று பார்க்கக்கூட நிற்காமல் இவள் முகத்தைத்தான் பார்த்தாள். கடலில் விழுந்தது யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை. இஸ்திரிப் பெட்டிக்குப் பிறகு முதல் தடவையாக இவளைத் தொட்டாள். ஆடிக்கொண்டிருந்த முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள்.

"கையை விட்டுடாதீங்கக்கா. நான் பிடிச்சுக்கறேன்." "எங்க இருக்கார்? எனக்குத் தெரியலையே."

பின்னால் சொட்டுச் சத்தம். ஒரு அடி தள்ளி. அரை அடி.

நல்ல பெண். அவனுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் விழித்திருப்பவள். தள்ளிவிடலாம், ஓடு என்று சொல்லலாம். ஒரு சொல் போதும். கப்பல் இன்னும் கால்வாசி திரும்ப வேண்டியிருந்தது.

"அதோ," என்றாள் அக்கா. "நல்லாக் குனிஞ்சு பாரு."

தம்பி மனைவி குனிந்தாள்.

முழங்கைக்குக் கீழே இருந்த கை உடனே விடவில்லை. இரண்டாவது அடிக்கும் விடவில்லை. மூன்றாவதற்கு, நகங்களால் தோலைக் கிழித்துக்கொண்டே நழுவியது. நீட்டிய கை மட்டும் ஆடாமல் நின்றது.

இயந்திரம் நின்றது. எங்கிருந்தோ ஒரு விளக்கு எரிந்து, தண்ணீர்மேல் ஊர்ந்து வந்து, தம்பியின் முகத்தில் நின்றது. எவ்வளவு கிட்டத்தில். உதடு நீலமாகி இருந்தது. அவன் இவளைப் பார்த்துவிட்டான். "அக்கா" என்று கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. வளையம் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்தது, ஆனால் அவன் கைகள் இப்போது எழும்பவில்லை.

"நெருங்கிட்டோம்," என்றது குரல். "இன்னும் ஒருத்தர்."

கப்பல் ஏன் நின்றது என்று முன்பக்கம் பேச்சு கிளம்பியிருந்தது. பாட்டை நிறுத்திவிட்டார்கள். யாரோ குழந்தைகளைக் கூப்பிட்டார்கள்.

தம்பியின் முகவாய் தண்ணீருக்குள் போனது. பிறகு வாய்.

அவள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள்.

"யாராவது வாங்க," என்று கத்தினாள். "சீக்கிரம் இங்க வாங்க."

படிகளில் காலடிகள் திமுதிமுவென்று ஏறி வந்தன, நிறையப் பேர். அவள் கண்ணை எடுக்கவில்லை, கையையும் இறக்கவில்லை. வருகிறவர்கள் நின்று பார்க்க வசதியாக, கம்பியோரம் இடம் விட்டு மெல்ல ஒதுங்கி நின்றாள்.