உலர்ந்த வாய்

உத்திரமேரூர் ஏரிக்கரைச் சாலையில் இருந்த அந்தச் சிறிய மருத்துவமனை வாசலில் காலையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே கோபால் நினைவின்றிக் கிடந்தான். அவன் தலையை மடியில் தாங்கியிருந்தவள் மனைவி அம்முலு. கூட வந்தவன் கோபாலின் கூட்டாளி அசோக். ஆண்கள் இருவரும் மும்பைக்கு வேலைக்குப் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்கள்.

"மருந்து வெச்சுட்டா டாக்டர்! நேத்து ரெண்டு பேருக்கும் சண்டை. மீன் கொயம்புல பயிருக்கு அடிக்கிற மருந்தக் கலந்துட்டா," என்றான் அசோக்.

"அவரு சோத்தத் தொட்டாத்தானே! ஆசையா ஆக்கி வெச்சேன், வேணான்னு தள்ளிட்டாரு. சண்டையே அதுக்குத்தான்," என்று அம்முலு கதறினாள். "டாக்டரம்மா, அவரு பொயச்சு வந்து வாயத் தொறந்து சொல்லணும். இல்லாங்காட்டி என்னை ஜெயில்ல போட்டுடுவாங்க."

டாக்டர் அகிலா குனிந்து பார்த்தார். மூச்சு விட்டு விட்டு வந்தது. கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன.

நர்ஸ் ஸ்ரீகாந்துக்குத் துப்பறிவதில் கொள்ளை ஆசை. "கண்ணைப் பாருங்க மேடம், பூச்சிமருந்தேதான்! இந்தப் பக்கம் வேற இன்னா வரும்? வயித்தக் கழுவக் குழாய் எடுத்தாரேன்."

"குழாயைக் கீழே வை. மூச்சுப் பலூனை முகத்துல வெச்சு அழுத்து. அவன் வாய் எப்படி இருக்கு?"

"காஞ்சு கீது மேடம்."

அகிலா வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு கோபாலின் சட்டைப் பையில் கைவிட்டார். பேதியை நிறுத்தும் மாத்திரை அட்டை ஒன்று வந்தது. பாதியாகக் கிழிக்கப்பட்ட அட்டை.

"வயித்துப்போக்கு இருந்துச்சாம்மா?"

"இல்லியே. வந்ததுலேர்ந்து அந்தப் பக்கமே போவல."

ஒரு ஊசி போட்டார் அகிலா. கொஞ்ச நேரத்தில் கோபாலின் மார்பு தானாக ஏறி இறங்கியது. உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

காத்திருந்த நேரத்தில் கடையிலிருந்து டீ வந்தது. அம்முலு அழுகையோடு குடித்தாள். அசோக் மட்டும் உதட்டை நக்கிக்கொண்டு டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டான். "வெரதம்," என்றான்.

எக்ஸ்ரே வந்ததும் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார் அகிலா. கோபாலின் வயிற்றுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ வரிசை கட்டியிருந்தது.

"அம்முலு, உன் குழம்புல ஒரு குத்தமும் இல்ல," என்று தொடங்கினார். "பூச்சிமருந்துன்னா எச்சில் ஒழுகும், பேதி போகும். இவனுக்கு வாய் உலர்ந்திருக்கு, குடல் சத்தமே இல்ல. கண்மணி சுருங்கி, குடலும் அடங்கிட்டா அது அபின் வகைப் போதைமருந்து. அதுக்கான முறிவு ஊசிக்குத்தான் மூச்சு திரும்புச்சு."

"அப்ப மாத்திரை?" ஸ்ரீகாந்த் துடித்தான்.

"போதைமருந்தை உருண்டையாக் கட்டி, முழுங்கிக் கடத்திட்டு வந்திருக்கான். அது வழியில வெளியே வந்துடக் கூடாதுன்னுதான் பட்டினி, அதுக்குத்தான் மாத்திரை. ஒரு உருண்டை கசிஞ்சிருக்கு. நீ குழாய் போட்டிருந்தா மத்ததும் கிழிஞ்சிருக்கலாம்."

ஸ்ரீகாந்தின் முகம் வெளுத்தது.

"இந்த ஊசி ரொம்ப நேரம் தாங்காது. திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஆம்புலன்ஸ் வந்துட்டு இருக்கு." அகிலா திரும்பினார். "அசோக், நீயும் போற."

"நான் இன்னாத்துக்கு?"

"விரதம் இருக்கறவனுக்கு அந்த மாத்திரை எதுக்கு? அட்டையோட மீதிப் பாதி உன் பையில மினுக்குது. கடத்தல் வெளியே தெரியக் கூடாதுன்னு பழியை இவ மேல போட்டே. அவனுக்கு ஒண்ணு கசிஞ்சுடுச்சு. உனக்கு எப்போன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

அசோக்கின் கை வயிற்றுக்குப் போனது. அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். "சென்னையில வாங்கிக்க வேண்டியவன் வரல டாக்டர். போலீசு..."

"சொல்லத்தான் போறேன். ஆனா வண்டி முதல்ல."

ஆம்புலன்ஸில் கோபாலை ஏற்றினார்கள். ஸ்ரீகாந்த் அடுத்த ஊசியோடு தலைமாட்டில் நின்றான். அம்முலு கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அசோக் படியில் கால் வைத்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

அம்முலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏறுண்ணே. பேஜார் பண்ணாத, அவருக்கு நேரமாவுது," என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.