பதினோராம் மைலில் ஒரு சத்தம்

அச்சுக்குப் போக வேண்டிய தாளில் ஒரே ஒரு இடம் மட்டும் ஈரமாக இருந்தது. நேற்று அவள் சிவப்பு மையால் அடித்த வரி. மேசையில் தண்ணீர் பாட்டில்கூட இல்லை. மத்தியானம் இரண்டு மணி, தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் அது காயவில்லை; மோந்து பார்த்தால் சேற்று வாடை, வருஷக்கணக்காக மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்ததும் மூக்கில் அறையுமே, அந்த வாடை.

ரயில் பாதையின் நூற்றாண்டு மலர் அது. பழைய கால்வாயைத் தூர்த்து, அதே தடத்தில் தண்டவாளம் போட்ட கதை. முதல் ரயிலுக்குத் தேதி குறித்தாயிற்று என்று, பதினோராம் மைலில் மதகுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்த பதினேழு பேரை வெளியே கூப்பிடாமலே இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். பழைய பதிவேட்டில் அதைக் கண்டுபிடித்தவள் அவள். அந்த வரியை அடித்தவளும் அவளேதான்.

"விழா மலர்ல எழவு சேதி எதுக்கும்மா?" என்றார் மேலதிகாரி. அவளை வேலையில் நிரந்தரமாக்கும் உத்தரவு அவர் கைக்கடியில் கிடந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள், யாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற வாய். அன்று அதற்குப் பூட்டு விழுந்தது.

அப்பா அதே பாதையில் கேங்மேன். சுத்தியலால் தண்டவாளத்தைத் தட்டித் தட்டியே பழகிய கை. வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவார். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. "கதவு நல்லாத்தான் இருக்கு, உள்ள வாங்க" என்பாள் அம்மா.

இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"பதினோராம் மைல்ல தட்டுனா, அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி கேக்குது பாப்பா. இன்னைக்கு அங்கதான் தோண்டுறோம். பழைய புஸ்தகத்துல ஏதாச்சும் போட்டிருக்கா?"

"ஒண்ணுமில்லப்பா."

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்."

அவள் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

காலடியில் ஏதோ தட்டியது.

இந்த அலுவலகமும் தூர்த்த கால்வாயின் மேல்தான் நிற்கிறது.

மறுபடி. மறுபடி. விரல் விட்டு எண்ணினாள். பதினைந்து. பதினாறு. பதினேழு.

நின்றது.

மின்விசிறி மட்டும். தரைக்கல்லின் இடுக்கில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்து அவள் செருப்பைத் தொட்டது.

பிறகு, கீழேயிருந்து.

இரண்டு வேகமாக.

ஒன்று நிதானமாக.