வியாழக்கிழமையே எடுத்தாச்சு

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கசாமி அண்ணாச்சியின் மளிகைக்கடைச் சரக்குக் கிட்டங்கியில் இருந்தவர்கள்: விசாரிக்க வந்த சுகாதார ஆய்வாளர் ராக்கம்மாள், அவருடைய ஜீப் டிரைவர் மாரிக்கண்ணன், குற்றம் சாட்டப்பட்ட கிராமச் செவிலியர் முருகலட்சுமி, மூன்றரை மாதப் பிள்ளையை மதுரையில் ஆக்சிஜனில் விட்டுவிட்டு வந்த காளீஸ்வரன், மல்லாங்கிணற்றிலிருந்து வரவழைக்கப்பட்ட துர்காதேவி, புகார் மனுவை எழுதிய அண்ணாச்சி.

ஊர் எறிந்த கல்லில் துணை சுகாதார நிலையத்தில் ஒரு சன்னல்கூட மிச்சமில்லை. அதனால் திருச்சுழிப் பக்கத்து அந்தச் சிற்றூரில் கிட்டங்கியை அண்ணாச்சியே கொடுத்தார். நாளைக் குறித்தது மட்டும் ராக்கம்மாள்.

இரண்டு நாளைக்கு முன்பு முருகலட்சுமி நெற்றியில் பிளாஸ்திரியோடு ராக்கம்மாளின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். பதினைந்து நாளைக்கு முன்பு, ஒரு புதன்கிழமை, பதினொரு பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டாள். அதில் நான்கு பிள்ளைகள் அடுத்த வாரமே நிமோனியாவில் விழுந்தன. ஊசிதான் காரணம் என்று ஊர் கல்லை எடுத்தது. வியாழக்கிழமை மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

அன்றிலிருந்து மாரிக்கண்ணனுக்குக் கை பரபரவென்றுதான் இருந்தது. கல்லெறிந்த காளீஸ்வரன் இப்போது நாலடி தள்ளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் ஒரே கல்யாண வீட்டுக்குப் போயிருப்பாகக்கா. அங்க ஒட்டியிருக்கும்," என்றான் மாரிக்கண்ணன், ராக்கம்மாளின் காதருகே.

"பதினஞ்சு நாளா முகூர்த்தமே இல்லைடா. சும்மா இரு."

அவர் மனுவை எடுத்துச் சத்தமாக வாசித்தார். "'புதன்கிழமை ஊசி போட்டு, வியாழன் காலையிலேயே பிள்ளைகளுக்கு உள்நாக்குப் பக்கம் செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது. செவிலியரைக் கைது செய்ய வேண்டும்.' நல்ல எழுத்து அண்ணாச்சி."

"ஊருக்காக எழுதுனதும்மா," என்றார் அண்ணாச்சி. தொண்டை கரகரத்தது.

"என்ன, சளியா?"

"போன வாரமே விட்டுருச்சு. இது வெறும் வறட்டு இருமல்."

ராக்கம்மாள் ஆய்வகத் தாளை விரித்தார். "பிள்ளைக மூக்குல இருந்து எடுத்த சளியில ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸ். நமக்கு வந்தா மூக்கு ஒழுகும், நாலு நாள்ல போயிரும். நாலு மாசப் பிள்ளைக்கு நெஞ்சுக்குள்ள இருக்கிற பொடிக்குழாயெல்லாம் வீங்கி மூச்சே அடைக்கும். ஊசி மருந்துல இந்தக் கிருமி கிடையாது. ஆள்கிட்ட இருந்து ஆளுக்குத்தான் வரும்."

"அப்ப இவளுக்குச் சளி இருந்திருக்கும்," என்றான் காளீஸ்வரன்.

"இவளுக்கு இல்லை. இருந்தாலும், இந்தா நிக்கிற துர்காதேவி பிள்ளையை இவ கண்ணாலகூடப் பார்த்ததில்லை. அதுக்கும் அதே வைரஸ். அஞ்சு பிள்ளைக்கும் ஒரே திங்கக்கிழமை மூக்கு ஒழுகியிருக்கு. கிருமி உள்ள போய் நாலஞ்சு நாள்லதான் ஒழுகும். எண்ணிப் பாரு, புதனோ வியாழனோ வரும்."

மாரிக்கண்ணன் விரல்விட்டு எண்ணினான். சரியாகத்தான் வந்தது.

"டாக்டர்மாருக இன்னொண்ணும் எழுதியிருக்காக. அஞ்சு பிள்ளைக்கும் தொண்டையில நகக்கீறல். அப்புறம், காளீஸ்வரா, உன் பொண்டாட்டி முத்துலட்சுமி. எக்ஸ்ரே எடுத்தீகளான்னு டாக்டர் கேட்டதுக்கு, 'வியாழக்கிழமையே எடுத்தாச்சு'ன்னு சொல்லியிருக்கா. எக்ஸ்ரே எடுத்தது அதுக்கு ஒரு வாரம் கழிச்சு. அப்ப வியாழக்கிழமை எதை எடுத்தீக?"

காளீஸ்வரன் மூட்டையின் சணல் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"துர்கா, நீ சொல்லு. எதை எடுத்த?"

"தொக்கம்," என்றாள் துர்காதேவி. "பால் குடிக்கலைன்னு பஸ்ஸு ஏறி இங்க வந்தேன். ஆஸ்பத்திரியில சொன்னா வைவாகன்னு சொல்லலை."

தொக்கம் எடுப்பதை மாரிக்கண்ணன் பார்த்திருக்கிறான். பிள்ளை பால் குடிக்காவிட்டால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்பார்கள். விரலை விட்டுத் துழாவி, வாயோடு வாய் வைத்து ஊதி, கடைசியில் ஒரு கடலைத்தோலைக் காட்டுவார்கள். அது முன்பே விரலிடுக்கில் இருந்த தோல்.

"ஊசி போட்டா அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பிள்ளை பால் குடிக்காது," என்றார் ராக்கம்மாள். "முருகலட்சுமி அதைச் சொல்லித்தான் மாத்திரை கொடுத்தா. ஏழு பேரு மாத்திரையைக் கொடுத்துட்டு வீட்டுல இருந்தாக. நாலு பேரு தொக்கம்னு கிளம்புனீக. அந்த நாலுதான் மதுரையில கிடக்கு."

"யாரு எடுத்தது? எவன்க்கா அது?" மாரிக்கண்ணன் எழுந்துவிட்டான்.

"மனுவிலேயே இருக்குடா. வியாழன் காலையில அந்த நாலு பிள்ளைகளையும் எந்த டாக்டரும் பார்க்கலை. உள்நாக்கு சிவந்திருந்ததுன்னு எழுதணும்னா வாயைப் பிளந்து உள்ள பார்த்திருக்கணும். பார்த்தவரு யாரு?"

அண்ணாச்சி துண்டால் வாயைத் துடைத்தார். "ஒரு நல்லதுக்குத்தான் செய்யுறது தாயி. நான் யார்கிட்டயும் காசு கேக்குறதில்ல."

"மாரி, அந்தப் பின்கதவைத் திற."

திறந்தான். வேலிக்கருவை நிழலில் ஏழு பெண்கள் மடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னைக்கு நேரமாகுமா? நரிக்குடி பஸ்ஸைப் பிடிக்கணும்," என்றாள்.

"இதுக்குத்தான் வியாழக்கிழமை பத்து மணின்னு வச்சேன்," என்றார் ராக்கம்மாள். முதல்தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "சளின்னு தெரிஞ்சும் வாயை வச்சு ஊதுனீரு. பிள்ளைக விழுந்ததும் பழியைத் தூக்கி இவ தலையில போட்டீரு. சும்மா இருந்திருந்தாக்கூட இவ நெத்தி தப்பியிருக்கும்."

காளீஸ்வரன் முருகலட்சுமிக்கு முன்னால் போய் நின்றான்.

"ஒண்ணும் சொல்லாத," என்றாள் அவள். "கேக்குற நிலையில நான் இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாம் மாச ஊசிக்குத் தூக்கிட்டு வா. போடுவேன். அது உனக்காக இல்லை."

அவள் பின்பக்கம் போய், மடியில் பிள்ளையோடு இருந்த முதல் பெண்ணின் முன் குத்தவைத்து உட்கார்ந்தாள். குழந்தையின் சட்டையைத் தூக்கி, மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அடுத்தது.

"வாசல்ல ஸ்டேஷன் வண்டி நிக்குது அண்ணாச்சி. கிளம்புங்க," என்றார் ராக்கம்மாள்.

"பின்பக்கமா வாரனே தாயி. முன்னாடி ஊரே நிக்கி."

"ஊரே பார்க்கட்டும். முன்பக்கமா போங்க."

அண்ணாச்சி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே இறங்கினார். அவருக்குப் பின்னால் கடைசி ஆளின் இரண்டாவது காலும் படியைத் தாண்டியதும் மாரிக்கண்ணன் கிட்டங்கிக் கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியில் பூட்டை மாட்டி, சாவியைத் திருகினான்.