ஹார்மெனுக்குக் கொடுத்த வாக்கு

நாற்காலிகள் மறுபடியும் சுவரோரம் போயிருந்தன.

ரென்ஸ்கே காபிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். நடு அறையில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாவற்றையும் ஒழுங்காக இழுத்துப் போட்டுவிட்டுத்தான் காலையில் தோட்டத்துக்குப் போயிருந்தாள். இப்போது மேசை சன்னல் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. நாற்காலிகள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, யாரோ வந்து வரிசையாக உட்காரப் போகிறார்கள் என்பதுபோல் காத்திருந்தன. வாசல் லிண்டன் மரங்களின் இலைகளில் வடிந்து வந்த ஜூன் மாத வெயில், புது மரத்தரையில் பச்சையாகத் தேங்கியிருந்தது. நடுவில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் காலி.

"தைமன்! நாற்காலிய நீ நகத்துனியா?"

மாடியில் துளைபோடும் இயந்திரம் நின்றது. "எனக்கு வேற வேலையே இல்ல பாரு!" என்று அவள் கணவன் மேலிருந்து கத்தினான். "பேய் வந்து வீடு பெருக்குதோ என்னமோ. பெருக்கிட்டுப் போகட்டும் விடு, நீதான் பெருக்குறதே இல்லையே!"

இயந்திரம் திரும்பவும் உறுமத் தொடங்கியது. ரென்ஸ்கே சிரித்துப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. இந்த வாரம் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டாள். ஒவ்வொன்றாக இழுத்து வந்து போட்டபோது, அந்தக் காலி இடத்தில் மட்டும் வெறுங்காலுக்குத் தரை சில்லிட்டது.

வெல்டர்லோ கிராமத்தில் அப்படியொரு வீடு விலைக்கு வருவது குதிரைக் கொம்பு. சிவப்புச் செங்கல் சுவர், பாசி படிந்த கூரை, வைக்கோல் வண்டி அப்படியே உள்ளே நுழைகிற அளவுக்குப் பெரிய பச்சைக் கதவு, பின்னால் பேரிக்காய்த் தோப்பு, அதைத் தாண்டினால் மாடுகள் அசைபோடும் புல்வெளி. உத்ரெக்ட் நகரத்தில் மூன்றாம் மாடிப் பொந்தில் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரனின் உள்ளாடைக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது சொர்க்கம். அவளைவிட அதிகம் தரத் தயாராக எத்தனையோ பேர் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிழவர் ஹார்மென் ஒருவருக்கும் மசியவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகுட்டி கிடையாது. தோப்பின் மூலையிலிருந்த ஒற்றை அறைக் குடிலுக்குத் தன் கட்டிலை மாற்றிக்கொண்டு பெரிய வீட்டை மட்டும் விற்க நினைத்தவர், வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"நான் செத்தா என்ன யாரு தூக்குவா?"

அந்தப் பக்கத்து ஊர்களில் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஒட்டியிருக்கிற வீட்டுக்காரர்தான் முதல் அண்டை. சாவு விழுந்தால் சொந்தக்காரருக்கு முன்னால் அவர்தான் வந்து நிற்க வேண்டும். உடம்பைக் கழுவி உடுத்தி, வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்லி, மற்ற அண்டைகளைக் கூட்டி வந்து பெட்டியைத் தோளில் ஏற்ற வேண்டும். சண்டைக்காரனாக இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. வீட்டை வாங்குகிறவர் கிழவருக்கு முதல் அண்டை ஆகிறார், கிழவர் அவருக்கு.

மற்றவர்கள் மழுப்பினார்கள். ரென்ஸ்கே மட்டும் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "நாங்க இருக்கோம் பெரியவரே. இந்த நடு அறையில உங்கள வெச்சு, அந்தப் பெரிய கதவு வழியா நாங்கதான் தூக்குவோம். சத்தியமா" என்றாள். வீடு கைக்கு வந்தது. வாய் இருக்கிறதே, வீடு வாங்குகிற நேரத்தில் அது எதைத்தான் சொல்லாது!

மே மாதத்தில் கிழவர் குடிலில் செத்துக் கிடந்தார். நடு அறைத் தரைக்கு அப்போதுதான் எண்ணெய் பூசி முடித்திருந்தார்கள்.

"புதுத் தரையில பொணத்தப் போடுறதா? உனக்கென்ன பைத்தியமா?" என்றான் தைமன். அவள் தலையாட்டினாள். நகரத்துத் தகன நிலையத்துக்குத் தொலைபேசி அடித்தாள். சாம்பல்நிற வண்டி ஒன்று பின்சந்து வழியாக வந்து, கிழவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் ஒரு கதவையும் தட்டவில்லை. தெருவுக்கு விஷயம் தெரிந்தபோது, தோள் கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் ஹார்மென் எரிந்து முடிந்திருந்தார்.

அதற்குப் பிறகு சைக்கிளில் போகிறவர்கள் அவளைப் பார்த்துக் கையைத் தூக்குவதில்லை. எதிர்வீட்டு டினி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நேராகவே கேட்டாள். "நல்லதுக்கு வராட்டியும் கெட்டதுக்கு வரணும்மா. நாய் செத்தாக்கூட நாங்க நாலு பேரு கூடுவோம். அவரு உன்ன நம்பித்தானே வீட்டக் கொடுத்தாரு?"

"அவருக்கென்ன, தெரியவா போகுது?" என்றாள் ரென்ஸ்கே. சொன்ன வாயோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹார்மென உனக்குத் தெரியாது. பகை வச்சா சாகுற வரைக்கும் விடமாட்டாரு. ஆனா பகையாளி வீட்டுலயும் முறை மட்டும் தவறவே மாட்டாரு."

இப்போது, கடைசி நாற்காலியை மேசையருகே போட்டபோது, பின்வாசல் படியில் சத்தம் கேட்டது. மரச்செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தம். ஒன்று. பிறகு மற்றொன்று.

ரென்ஸ்கே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மாடியில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. தோப்பில் புறா ஒன்று ஒரே குரலில் அனத்திக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே, காலுறை போட்ட பாதங்கள் சமையலறைக் கல்தரையில் மெதுவாக, இருட்டிலும் வழி தெரிந்தவர் நடக்கிற மாதிரி, எங்கும் இடிக்காமல் நடந்து வந்தன. நனைந்த கம்பளியும் மாட்டுக் கொட்டிலும் கலந்த வாடை அறைக்குள் முன்னால் வந்தது. வாசற்படியில் பாதங்கள் நின்றன. அங்கே யாரும் இல்லை.

பிறகு சன்னல் இருண்டது.

சன்னலின் வெளிப்பக்கத்து மரக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கொக்கி விழுகிற ஓசை. அடுத்த சன்னல். அதற்கடுத்தது. யாரோ வீட்டைச் சுற்றி நிதானமாக நடந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். சாவு வீட்டில் அப்படித்தான் மூடுவார்கள். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"தைமன்!"

இயந்திரம் நின்றது. பதில் இல்லை.

அவள் பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். சன்னலை மூடுகிறவன் எவனாக இருந்தாலும் சட்டையைப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி. வெளியே பட்டப்பகல். வெயிலில் கண் கூசியது. முற்றத்தில் தெருவே நின்றிருந்தது.

எல்லோரும் கறுப்பு உடையில். டினி. அவள் புருஷன் கெரிட். மூலைவீட்டுச் சகோதரர்கள். பால்பண்ணைக்காரர். ஆண்கள் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் புல்லில், வெள்ளைப் பலகையில் செய்த பெட்டி ஒன்று.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்றாள் ரென்ஸ்கே.

டினி முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "செய்தி வந்துச்சும்மா. மனசத் தேத்திக்க. சின்ன வயசு, இப்படி ஆயிருக்கவே வேண்டாம்."

"யாருக்கு என்ன ஆச்சு? யாரு சொன்னா?"

கெரிட் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே தரையைப் பார்த்தான். "யாரு சொல்லணுமோ அவருதான். வீடு வீடா வந்து கதவத் தட்டிச் சொல்லிட்டுப் போனாரு. உங்க முதல் அண்டை."

"அந்தக் குடிசையில யாருமே இல்ல! அது பூட்டிக் கிடக்கு!"

"நீங்க முறை தவறினீங்க," என்றாள் டினி. "அவரு தவறல." அவள் குரலில் இரக்கம் இருந்தது. பழி தீர்ந்த நிம்மதியும் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

ரென்ஸ்கே கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே இருட்டு. தண்ணீர் சொட்டுகிற சத்தம். துணியைப் பிழிகிற சத்தம். கதவு வழியாக வந்த வெளிச்சம் நடு அறையில் நீளமாக விழுந்தது.

தைமன் தரையில் படுத்திருந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. கண்கள் திறந்திருந்தன. அவை உருண்டு, அவளைத் தேடி, அவள் மேல் நின்றன. உதடு அசையவில்லை. விரல் அசையவில்லை. கண்கள் மட்டும் கெஞ்சின.

அவன் தலைமாட்டில் ஹார்மென் மண்டியிட்டிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். ஈரத்துணியால் தைமனின் கழுத்தை, காதுமடலை, நெற்றியில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைப் பிள்ளையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் நுனிவரை கருகியிருந்தன.

"வந்துட்டேன்மா," என்றார் அவளைப் பார்க்காமலே. "நீ ஒண்ணும் செய்ய வேணாம். எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன்."

பின்னால் காலடிகள். கறுப்பு உடைகள் அவளை இடிக்காமல் விலகிக் கடந்து, பெட்டியை இறக்கி வைத்தன.

"உசுரோட இருக்கான்!" அவள் டினியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாருங்க, மூச்சு விடுறான்! கண்ணத் திறந்து பாக்குறான்! உசுரோட இருக்கான்!"

"முதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க," என்றாள் டினி.

ஹார்மென் இரண்டு விரல்களால் தைமனின் இமைகளை மூடினார். அவை திறந்தன. மறுபடியும் மூடினார். திறந்தன. கிழவருக்குக் கோபமே இல்லை. துணியை நனைத்தார். பிழிந்தார். விரல்களைத் திரும்பவும் இமைகளின் மேல் வைத்து, இந்த முறை எடுக்காமல், அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார்.