வெப்ப முறைப் பிளப்பு

தேர்வு நாள் காலையில், சனிக் கோளின் நிலவான டைட்டனின் குடியிருப்பில் பாடம் படிக்கும் சத்தம் கேட்காது. தாய்மார்கள் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் கம்பியைச் செருகி, தேவையில்லாத பாடங்களை அழித்துக்கொண்டிருப்பார்கள். தலைக்குள் பதித்த நினைவுச்சில்லில் இடம் குறைவு. பொற்செல்வியும் மகள் நிலானியின் வேதியியலைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய ஹைட்ரோகார்பன உடைக்க ரெண்டு வழி இருக்கும்மா. வினையூக்கி முறை, வெப்ப முறை. ரெண்டும் வேணுமா?” என்று கேட்டாள் நிலானி.

“முப்பது வருஷமா வினையூக்கியத்தான் கேக்குறாங்க. வெப்ப முறைய சாய்ஸ்ல விட்டுடு. நானும் அப்படித்தான் விட்டேன். நூத்துக்கு நூறு வாங்கலையா?”

அந்த நூறுதான் அவளை ஆலைத் தலைவியாக்கியது. டைட்டன் மண்ணில் கிடைக்கும் மெழுகை ஜியோலைட் என்ற வினையூக்கியால் சிறு மூலக்கூறுகளாக உடைத்து, ஈத்தீன் எடுத்து, நெகிழித்தாள் செய்யும் ஆலை. அறுநூறு பேருக்கும் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் குவிமாடத்தை அந்தத் தாளால்தான் ஒட்டுவார்கள்.

அன்று முற்பகல் குவிமாடம் கிழிந்தது. ஒட்டுத்தாள் செய்யும் அவசரத்தில் சூட்டைக் கண்டபடி ஏற்றியதில் ஜியோலைட் கட்டிதட்டிச் செத்துப்போனது. காற்று ஆறு நாளுக்குத்தான் வரும். புது ஜியோலைட்டுடன் கப்பல் வர எட்டு மாதம்.

மூலையில் மாற்று உலை ஒன்று புத்தம் புதிதாக நின்றது. அதற்கு வினையூக்கி வேண்டாம். சூடும் அழுத்தமும் போதும். ஆனால் எவ்வளவு? குறைந்தால் மெழுகு மெழுகாகவே கிடக்கும். கூடினால் உலை வெடிக்கும். இருப்பதோ ஒரே உலை.

“யாருக்காவது வெப்ப முறை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள் பொற்செல்வி.

“சாய்ஸ்ல விட்டது மேடம்,” என்றார் துணைப் பொறியாளர் கலியமூர்த்தி. மற்ற பத்துப் பொறியாளர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு. பள்ளியின் எந்திர ஆசிரியரிடம் ஓடினார்கள். அதற்கும் முக்கிய வினாக்களை மட்டுமே ஏற்றியிருந்தார்கள்.

பொற்செல்வி அந்தப் பாடத்தைக் கேட்டுப் பூமியின் கல்வி மையத்துக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வர மூன்று மணி நேரமாகும்.

அது வரும் நேரத்தில், தேர்வு முடிந்து நிலானி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“நீ சொன்ன மாதிரியே வினையூக்கிதாம்மா வந்துச்சு. ஒரு வரி விடல.”

பொற்செல்விக்கு அழுகை முட்டியது. காலையில் அழித்தது அந்தத் தலையிலிருந்துதானே. மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். பூமி பதில் அனுப்பியிருந்தது.

“தாங்கள் கேட்ட பகுதியை முப்பது ஆண்டு வினாத்தாள்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். இது தேர்வுக்கு வராது. கவலையின்றி விட்டுவிடலாம்.”